மீசையில் ஒட்டிய மண்

2023-ம் வருஷம் மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை, செங்கத்தைத் தாண்டிச் சாலையோரத்தில் இருந்த ஒரு டீக்கடை வாசலில், ஏறக்குறைய இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் மோட்டார் சைக்கிளோடு கீழே விழுந்தேன்.

என்ன வேகத்தில் போனீர் என்று வாசகர்கள் கேட்கலாம். மணிக்கு 3 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். நடை பழகும் குழந்தையின் வேகம். எதிரே லாரி வரவில்லை, குறுக்கே ஆடு மாடு பாயவில்லை, மழையும் இல்லை. நிற்கப் போன வண்டி நிற்காமல் படுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இதில் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. அந்த விழுகையினால் எனக்கு ஒரு சிராய்ப்புக்கூட ஏற்படவில்லை. ஆனால் அதற்கு அடுத்த இரண்டு நிமிஷத்தில் நான் செய்த காரியத்தினால் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். என்னைப் படுக்கையில் தள்ளியது வண்டியல்ல, என் வெட்கம். அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இன்று நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

நடந்தது இதுதான்

எனக்கு அப்போது வயது 56. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். நெடுந்தூரப் பிரயாணத்துக்கென்றே செய்யப்பட்ட பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றின்மேல் எனக்கு வெகுநாளாக ஆசை. ஒருவர் உபயோகித்த வண்டியாகப் பார்த்து வாங்கினேன். பின்னால் இரண்டு பெட்டி, முதுகுப் பக்கம் ஒரு பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி என்று சகல வசதிகளும் உண்டு. எடை சுமார் 380 கிலோ. நம் ஊரில் சாதாரணமாக ஓடும் ஸ்கூட்டர் ஒன்றின் எடை சுமார் 105 கிலோ. அப்படியென்றால் மூன்றரை ஸ்கூட்டரை ஒன்றாகக் கட்டி, இரண்டே சக்கரத்தின்மேல் நிறுத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியில் நான் 11,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். நெடுஞ்சாலையில் அது பூப்போலப் போகும். ஓட்டுகிறவனுக்கு அதன் கனமே தெரியாது. "இத்தனை தூரம் ஓட்டியும் ஒரு தரம்கூடக் கீழே போட்டதில்லை" என்று நான் நண்பர்களிடம் பெருமை பேசியதும் உண்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் யானையைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலும்!

அன்று சென்னையிலிருந்து திருவண்ணாமலை, செங்கம் வழியாக ஏற்காட்டுக்குப் புறப்பட்டேன். டீக்கடையைக் கண்டதும் தார்ச்சாலையை விட்டு இறங்கினேன். அங்கே பொடி ஜல்லி பரப்பியிருந்தது. தரை இடப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தது. ஹாண்டிலை இடப்பக்கம் ஒடித்துத் திருப்பியபடியே, வழக்கம் போல முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி திடுக்கென்று நின்றது. இடது காலை ஊன்றினேன். நான் எதிர்பார்த்த இடத்துக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது தரை. கால் அதைத் தொடுவதற்குள் வண்டி சாய ஆரம்பித்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். தாங்க முடியவில்லை. ஒரு பெரிய எருமை பெருமூச்சு விட்டுக்கொண்டு படுப்பதைப் போல அது மெதுவாக, மிக மெதுவாகப் படுத்தது.

டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, "ஐயா, அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எழுபத்தைந்துக்குக் குறையாத வயது, கையை உயர்த்தி ஒன்று சொன்னார்:

"வண்டி கெடக்கட்டும் தம்பி. அது எங்க ஓடிப் போவப் போவுது? மொதல்ல நீ குந்து."

அந்தப் பெரியவர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே, குனிந்து ஹாண்டிலை இரண்டு கையாலும் பற்றி, யாரும் வந்து கை கொடுப்பதற்குள் தூக்கிவிட வேண்டும் என்ற வெறியோடு ஓர் எம்பு எம்பினேன். இடுப்பில் ஏதோ 'பட்'டென்று தெறித்தது. பிறகு நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் சிரித்தபடி டீ குடித்துவிட்டு, வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஊர் திரும்பினேன்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. வைத்தியர் வந்து போனபின் என் சம்சாரம் வாசலுக்குப் போய் வண்டியின் இடப்பக்கப் பெட்டியில் இருந்த கீறலைப் பார்த்துவிட்டு வந்தாள். "வண்டி விழுந்ததை மறைச்சுட்டீங்க, இடுப்பு விழுந்ததை மறைக்க முடிஞ்சுதா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏன் விழுகிறது?

படுத்துக்கிடந்த மூன்று வாரமும் எனக்கு யோசனை இதுதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் விழாத வண்டி 3 கிலோமீட்டர் வேகத்தில் ஏன் விழ வேண்டும்?

சிறு பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். நீளமான குச்சி ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துவார்கள். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோவார்கள். குச்சி நிமிர்ந்துவிடும். இரண்டு சக்கர வண்டி விழாமல் போவதும் ஏறக்குறைய இதே தந்திரந்தான். வண்டி ஒரு பக்கம் சாயும்போது முன் சக்கரம் அந்தப் பக்கமே திரும்பி, சாய்கிற பாரத்துக்கு அடியில் சக்கரங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. வேகமாகப் போகும்போது இந்தக் காரியத்தைப் பெரும்பாலும் வண்டியே செய்துகொள்கிறது. வேகம் குறையக் குறைய அது ஓட்டுகிறவனின் பொறுப்பாகிவிடுகிறது. வண்டி நின்றதும் அந்தத் தந்திரம் அடியோடு செல்லாது. பிறகு இருப்பது நம் இரண்டு கால்கள்தான்.

அந்தக் கால்களுக்கும் கைகளுக்கும் எவ்வளவு பலம் வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குப் போதும். 380 கிலோ வண்டி. அதன் பாரத்தின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். ஹாண்டில் பிடி 90 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நேராக நிற்கும்போது ஒரு விரலால் பிடித்துக்கொள்ளலாம். 10 பாகை சாய்ந்தால், ஹாண்டிலில் சுமார் 37 கிலோ பாரம் இழுக்கும். 20 பாகை சாய்ந்தால் சுமார் 72 கிலோ. 30 பாகை சாய்ந்தால் நூறு கிலோவுக்கும் மேல். 10 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஐயோ என்று சொல்லும் நேரம்!

ஆகவே, ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் வண்டியைத் தாங்கலாம். அதைத் தாண்டிவிட்டால் பயில்வானாலும் முடியாது. அங்கே தாங்க முயல்கிறவன் வண்டியைக் காப்பாற்றுவதில்லை. தானும் அதன் அடியில் போய் மாட்டிக்கொள்கிறான். கணுக்காலும் முழங்காலும் முறிவது அந்தச் சமயத்தில்தான். வண்டியின் பெட்டியை மாற்றலாம்; முழங்காலை அப்படி மாற்ற முடியுமா? எல்லை தாண்டியது என்று தெரிந்த மறுகணமே ஹாண்டிலை விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு, விலகி நிற்கிறவனே புத்திசாலி.

செய்தவனுக்கே தெரியும்

பெரிய வண்டி விழுவது ஓட்டுகிறவனின் கையாலாகாத்தனம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. வண்டியைச் செய்தவர்கள் அப்படி எண்ணவில்லை.

நெடுந்தூர மோட்டார் சைக்கிள்களில் பேர்போன 'ஹோண்டா கோல்டு விங்' 1975-ல் விற்பனைக்கு வந்தபோது, அதன் பெட்ரோல் டேங்க் வழக்கமான இடத்தில் இல்லை. ஆசனத்துக்கு அடியில் இருந்தது. எஞ்சினின் சிலிண்டர்களும் இரு பக்கமும் படுக்கைவாட்டில் இருந்தன. பாரம் கீழே இருந்தால் வண்டியைச் சமாளிப்பது சுலபம் என்பதே காரணம். 1988-ல் அதே வண்டிக்கு ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. கூடவே, மோட்டார் சைக்கிளில் யாரும் எதிர்பாராத ஒரு வசதியும் வந்தது: பின்னோக்கி நகர்த்தும் ஏற்பாடு! இத்தனை கனத்தை மனிதன் காலால் உந்திப் பின்னுக்குத் தள்ளுவது ஆபத்து என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்? இவ்வகை வண்டிகளின் பக்கவாட்டில் வளைந்த கம்பிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. ஒரு நாள் இது படுக்கும் என்று எதிர்பார்த்தே வைத்தவை.

அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் 350 கிலோவுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களில் ரோந்து போகிறார்கள். அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது வேகமாகப் போவதை அல்ல. கூம்புகளை நெருக்கமாக நட்டு வைத்து, அவற்றின் நடுவே நடை வேகத்தில் வளைந்து வளைந்து போகச் சொல்கிறார்கள். அந்தப் பயிற்சியில் வண்டி விழுவது சகஜம். விழுந்தவர் எழுந்து, வண்டியைத் தூக்கி, மறுபடியும் போகிறார். யாரும் அவருடைய மானம் போய்விட்டதாக நினைப்பதில்லை.

ஒரு நண்பரின் கதை

நமக்கோ மானம்தான் முதலில் நிற்கிறது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம்.

என் நண்பர் ஒருவர், பெரிய வண்டி ஓட்டுவதில் எனக்கு முன்னோடி. திடீரென்று ஒரு நாள் அதை விற்றுவிட்டார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்றார். முதுகு ஒத்துழைக்கவில்லை என்றார். நானும் நம்பினேன். நான் படுத்துக்கிடந்தபோது என்னைப் பார்க்க வந்தவர், அறையில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்து உண்மையைச் சொன்னார். ஒரு கலியாண மண்டபத்தின் வாசலில், சம்பந்தி வீட்டார் முன்னிலையில், வண்டி அவர் கையை விட்டுச் சாய்ந்துவிட்டதாம். யாரோ, "இந்த வயசில் இவருக்கு இது தேவையா?" என்றார்களாம். அன்றோடு சரி. ஆறு வருஷமாக அதை ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. இமயமலைச் சாரல் வரையில் போய் வந்தவர். அவரை வண்டியிலிருந்து இறக்கியது அந்த ஒரு வார்த்தை. "நீங்களும் விழுந்தீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மன்னிக்க வேண்டும்" என்றார். நான் மன்னித்துவிட்டேன். ஒருவன் தான் விழுந்ததை வெளியே சொன்னால், விழுந்த பத்துப் பேருக்கு அது ஆறுதல். இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டுப் போட்டால் போதுமா?

வெட்கத்தை விடுவது ஒரு பாதி. கற்றுக்கொள்வது மறு பாதி. கற்றுக்கொடுக்க நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் 'எட்டு' போட்டிருப்பார்கள். காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் கேலி செய்ய மாட்டேன். மெதுவாகப் போகும்போதுதான் ஓட்டுகிறவனின் திறமை தெரியும் என்பதை உணர்ந்த பரீட்சை அது. குறை எங்கே என்றால், எந்த வண்டியில் எட்டுப் போடுகிறோம் என்பதில்தான். நான் 1985-ல் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டேன். அந்த வண்டியின் எடை நூறு கிலோ சுமார். அன்று வாங்கிய லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வந்து, 38 வருஷம் கழித்து அதை வைத்துக்கொண்டு 380 கிலோ வண்டியை ஓட்டினேன். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்பது ஒரே வகைதான். அதில் சிறிசு, பெரிசு கிடையாது.

மற்ற நாடுகளில் இப்படி இல்லை. ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கே படிகள் உண்டு. சின்ன வண்டிக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, பெரியதற்கு ஒன்று. பிரிட்டனில் 2009 முதல் நடக்கும் பரீட்சையில், எட்டுப் போடுவதோடு, எஞ்சினை ஓட்டாமல் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டுபோய் வேறு கட்டத்தில் நிறுத்தியும் காட்ட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானியர் செய்துள்ள ஏற்பாடு. அங்கே 400 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி லைசென்ஸ். அந்தப் பரீட்சையில் ஒரு குறுகலான பலகைப் பாலம் உண்டு. நீளம் 15 மீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர். அதன்மேல் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு வேகமாகப் போகிறான் என்று பார்ப்பதில்லை. எவ்வளவு மெதுவாகப் போகிறான் என்று பார்க்கிறார்கள்! பத்து விநாடியாவது பாலத்தின்மேல் இருந்தாக வேண்டும். கணக்குப் பாருங்கள்: மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர். நடுவில் விழுந்தால் பரீட்சை போச்சு. அதைவிடச் சிறப்பு, அங்குள்ள பல பயிற்சிப் பள்ளிகளில் முதல் பாடமே, கீழே கிடக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்துவதுதான். ஏறுவதற்கு முன் எழுப்பக் கற்றுக்கொள் என்கிறார்கள். விழுவதை மறைக்க வேண்டிய விஷயமாக அவர்கள் நினைக்கவில்லை, பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் கனமான வண்டிக்கு அதே கனத்தில் ஒரு பரீட்சை வைத்தால் என்ன? அதைப் பெரிய சுமையாக்க வேண்டாம். அந்த வண்டியில் ஓர் எட்டு. ஒரு பலகைப் பாலம். கிடக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்துவது. மூன்றே விஷயம். சர்க்கார் செய்யும் வரையில் காத்திருக்கவும் வேண்டாம். இத்தகைய வண்டியை விற்கிறவர்கள், சாவியைக் கையில் கொடுக்கும்போது மாலையும் லட்டுவும் கொடுக்கிறார்கள். அவற்றோடு ஒரு காலி மைதானத்தில் அரைநாள் பயிற்சியும் கொடுக்கட்டும். லட்டு ஒரு நாளில் தீர்ந்துபோகும்; பயிற்சி ஆயுசு முழுவதும் நிற்கும்.

வழி என்ன?

நான் பிற்பாடு கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உபயோகப்படுகிறவர்களுக்கு உபயோகப்படட்டும்.

ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மெதுவாகப் போகையில் பின் பிரேக்கை மட்டும் லேசாக மிதித்துக்கொண்டு, கிளட்சைப் பாதி விட்டும் பாதி பிடித்தும் ஓட்டுங்கள். நிறுத்துவதற்கு முன் ஹாண்டிலை நேராக்குங்கள். கண், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். தரையைப் பார்த்தால் தரைக்கே போவோம். கால் ஊன்றப் போகும் இடத்தில் சரிவு உண்டா, ஜல்லி உண்டா, பெட்ரோல் பங்க்கில் டீசல் சிந்தியிருக்கிறதா என்று நிற்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பள்ளத்தை நோக்கி மூக்கை விட்டு நிறுத்தாதீர்கள். மறுபடி பின்னுக்கு இழுக்க முடியாது.

விழுந்துவிட்டால், முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். பெட்ரோல் சிந்துகிறதா பாருங்கள். உதவிக்கு வருகிறவரிடம் பீடியை அணைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி கொஞ்சம் குந்துங்கள். படபடப்பு அடங்கும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், இடப்பக்கத்து ஸ்டாண்டை முன்னதாகவே இழுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் தூக்குகிற வேகத்தில் அது மறுபக்கம் போய் விழும். வண்டி உருளாதபடி கியரில் போடுங்கள். குனிந்து இழுக்காதீர்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, ஆசனத்தின் ஓரத்தில் பின்புறத்தைப் பதித்து உட்காருவது போல் நின்று, ஒரு கையால் ஹாண்டில் பிடியையும் மறு கையால் பின்னால் உள்ள கெட்டியான கம்பியையும் பற்றிக்கொள்ளுங்கள். முதுகை நேராக வைத்து, காலால் உந்திச் சிறு சிறு அடியாகப் பின்னுக்கு நடங்கள். வண்டி எழுந்திருக்கும். கை கொடுக்க ஆள் இருந்தால் இதையும் தனியே செய்ய வேண்டாம். உதவி கேட்பது இழுக்கல்ல.

பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது பணக்காரர்களின் பொழுதுபோக்குச் சங்கதி, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். சுமார் 195 கிலோ எடையுள்ள புல்லட், ஆளும் மூட்டையுமாகச் சரிவில் நின்றால் இதே கதைதான். முன்னால் குழந்தையை நிறுத்தி, காலடியில் அரிசிப் பையை வைத்து, ரேஷன் கடை வாசலில் ஸ்கூட்டரைத் திருப்புகிற பெண்மணிக்கும் இதே கதைதான். அவர் விழும்போது சிரிக்கிறவர்கள் அதிகம். "பொம்பளைக்கு வண்டி எதுக்கு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. என் நண்பரை வண்டியிலிருந்து இறக்கியதும் இதுபோன்ற ஒரு வார்த்தைதான். ஒரு சிரிப்பினால் ஒருத்தி வண்டியை மூலையில் நிறுத்திவிட்டால், அவளுடைய வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாமே அதோடு நிற்கக்கூடும். ஆகவே சிரிக்காதீர்கள், கை கொடுங்கள். கண்ணாடியையோ சுடுகிற சைலன்சரையோ பிடித்துத் தூக்காமல், எதைப் பிடிக்கலாம் என்று கேட்டுப் பிடியுங்கள்.

தேரும் முட்டுக்கட்டையும்

நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நேர்வீதியில் தேர் ஓடும்போது வடம் பிடித்தவர்கள் ஆரவாரம் செய்வார்கள். வீதி முனையில் திரும்பும்போது ஆரவாரம் குறையும். அப்போது எல்லார் கண்ணும் சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு குனிந்திருக்கும் ஆட்களின் மேல்தான் இருக்கும். அங்குலம் அங்குலமாகத் தேரைத் திருப்புகிறவர்கள் அவர்கள். கனத்தை ஓட்டுவது பெரிதல்ல; கனத்தைத் திருப்புவதும் நிறுத்துவதுமே பெரிது என்பதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். அதற்குத் தனி ஆள் வைத்தார்கள். அதைத் தனி வித்தையாகக் கற்றார்கள்.

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பேட்டையிலுள்ள பள்ளிக்கூட மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோகிறேன். சுண்ணாம்பால் கோடு போட்டு, நடை வேகத்தில் எட்டுப் போடுகிறேன். அங்கே கிரிக்கெட் ஆடும் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். போன மாதம் அவர்கள் கண் முன்னாலேயே வண்டி மறுபடியும் படுத்தது. இந்தத் தடவை நான் தாங்கப் பார்க்கவில்லை; விலகி நின்றேன். எஞ்சினை அணைத்தேன். பிறகு தரையிலேயே உட்கார்ந்தேன்.

பையன்கள் ஓடி வந்தார்கள். "என்ன தாத்தா, விழுந்துட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"ஆமாம் தம்பி, விழுந்துட்டேன். வா, ஒரு கை பிடி" என்றேன்.

மீசையில் ஒட்டும் மண்ணைத் தட்டிவிட்டால் போய்விடும். ஒட்டவில்லை என்று மறைக்கப்போய் நான் மூன்று வாரத்தை இழந்தேன். என் நண்பர் ஆறு வருஷத்தை இழந்தார். அந்த மைதானத்தில் மற்றொரு எட்டுப் போட இடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவரையும் அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.